வயரில் ஏறிய வாடை

முதலில் ஈரத் துணி, அப்புறம் காய்ந்த துணி, அதற்கப்புறம்தான் ஸ்பிரிட். நேற்று வீட்டில் இந்த வரிசையை மாற்றிச் செய்ததால்தான் கெட்டது என்று மெற்றில்டாவுக்கு இப்போது தோன்றியது. எடுத்த எடுப்பில் ஸ்பிரிட்டைத் தேய்த்தால் அழுக்கு போவதில்லை, இளகி வயர் முழுக்கப் பரவுகிறது, தொட்டால் விரலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஐந்தாம் பீரியட் அவளுக்கு வகுப்பு இல்லை. ஆசிரியைகள் அறையில் ஏழு நாற்காலிகள், ஆறு காலி. மடியில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் தன் சார்ஜர் வயரைப் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு முனையிலிருந்து சாண் சாணாகத் துடைத்துக்கொண்டு வந்தாள். வாங்கும்போது வெள்ளையாக இருந்த வயர். இப்போது அதன் நிறத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. டீ கொட்டிக் காய்ந்த வேட்டி நிறம் என்று வைத்துக்கொள்ளலாம். துணியைத் திருப்பிப் பார்த்தால் கருப்பாக ஒரு கோடு. இவ்வளவும் என் கை அழுக்கா? மூன்று வருஷமாகத் தினமும் தொட்ட வயர், தலைக்கு எண்ணெய் வைத்த கை, சாக்பீஸ் பிடித்த கை, வெங்காயம் அரிந்த கை, எல்லாம் இதில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. ஆனால் இந்த ஏழு பேரில் யாருடைய வயர்தான் வெள்ளையாக இருக்கிறது? ஆவுடை டீச்சரின் வயரில் குங்குமம் ஒட்டியிருக்கிறது, இந்துமதியின் வயரில் மருதாணி. அதையெல்லாம் யாரும் அழுக்கு என்று சொல்வதில்லை. ப்ளக்கும் வயரும் சேருகிற கழுத்தில் மடிப்பு மடிப்பாக இருக்கும் இடம்தான் மோசம். அங்கே துணி நுழையாது. அதற்குத்தான் பழைய டூத் பிரஷ்ஷைக் கைப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள், யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கர்சீப்பில் சுற்றி. என்னமோ திருடப் போகிறவள் மாதிரி. நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தில் பிரஷ்ஷை அழுத்தித் தேய்த்தாள், மடிப்புக்குள் இருந்து கருப்பு கருப்பாகத் திரிதிரியாக உதிர்ந்தது.

காலாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், இந்த அறையில் சார்ஜ் போடுகிற பக்கமாக ஒரு மீன் வாடை ஆரம்பித்தது. முதலில் மூக்கைச் சுருக்கினார்கள், ஜன்னலைத் திறந்தார்கள். அப்புறம் இந்துமதி ஊதுபத்தி ஏற்றினாள். அப்புறம் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, அழகான கையெழுத்தில், ‘சார்ஜர் வயர்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும்.’ பெயர் எதுவும் போடவில்லை. பெயர் எதற்கு? மீன் வாடை என்றால் இந்த அறையில் ஒரே ஒரு ஆள்தான். பெரியதாழை என்ற மீன்பிடி ஊர்க்காரி என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. மெற்றில்டா என்ற பெயரைக் கேட்டாலே ஆட்களுக்குக் கடற்கரை தெரிந்துவிடுகிறது. பதினோரு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட அவள் டிபன் பாக்ஸில் மீன் இருந்ததில்லை. எலுமிச்சஞ்சாதம், தயிர்ச்சாதம், புளிச்சாதம், மறுபடி எலுமிச்சஞ்சாதம். ஞாயிற்றுக்கிழமை மீன் வைத்தால் திங்கள்கிழமை காலையில் இரண்டு தடவை குளிப்பாள். அப்படி இருந்தும் ஆவுடை டீச்சர், இந்த அறைக்கே மூத்தவர், அடுத்த வருஷம் ரிட்டயர்டு ஆகப் போகிறவர், ஒரு நாள் எல்லோர் முன்னாலும் அவளுடைய வயரின் நுனியைக் கர்சீப்பால் பிடித்து மூக்கருகே கொண்டுபோய்விட்டு, பாவம் என்பது போலத் தலையாட்டினார். “தப்பா நெனைச்சுக்கிடாதீங்க டீச்சர். வீட்டுல அடுப்படியில வச்சு சார்ஜ் போடுவீங்களோ?” ஆமாம் என்று சொன்னாள். அதுதான் அவள் செய்த முட்டாள்தனம். உண்மைதான், வீட்டில் ப்ளக் பாயிண்ட் அடுப்புக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, மீன் பொரிக்கிற எண்ணெய் ஆவி வயரில் படத்தான் செய்யும், நீங்கள் சொல்வது சரிதான் டீச்சர் என்று அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள். ஒப்புக்கொண்ட பிறகு எப்படி மறுப்பது? நேற்று ஹெச்.எம். அம்மா கூப்பிட்டார். ரொம்ப நயமாகப் பேசினார். வரலாறு டீச்சர்தானே, மேப் ரூமிலேயே மேஜை போட்டுக்கொள்ளலாமே, தனியாக, அமைதியாக இருக்குமே என்றார். மேப் ரூமில் ஜன்னல் கிடையாது. கிழிந்த உலகப் படங்களும் கால் ஒடிந்த பெஞ்சுகளும்தான் இருக்கின்றன. மெற்றில்டா ஒரு நாள் தவணை கேட்டாள். வயரைச் சுத்தமாகக் கழுவிவிடுகிறேன் மேடம், நாளைக்கு மத்தியான இன்டர்வெல்லில் ஆவுடை டீச்சரே பார்க்கட்டும், அதற்கப்புறமும் வாடை அடித்தால் நானே போய்விடுகிறேன். சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, தன் நாற்காலியைக் கொண்டுபோய் ஆவுடை டீச்சரின் மூக்கில் வைத்துவிட்டு வந்திருக்கிறோம் என்று.

காய்ந்த துணியால் ஒத்தி எடுத்தாள். ஈரம் போகாமல் ப்ளக்கைச் செருகினால் வேறு வினை வந்துவிடும். ஆகவே உள்ளங்கையில் வைத்து ஊதினாள், மின்விசிறிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து காலை வரை ஆப்பசோடாவைக் கொட்டிய டப்பாவில் இந்த வயரைச் சுருட்டிப் போட்டு மூடி வைத்திருந்தாள். வாடையை உறிஞ்சிவிடும் என்று யாரோ சொன்னார்கள். உறிஞ்சியதோ இல்லையோ, காலையில் எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. புருஷனிடம் நீட்டினாள், அவர் செய்தித்தாளை இறக்காமலே நல்லாத்தானே இருக்கு என்றார். அவர் மூக்கை நம்ப முடியாது. தன் மூக்கை அதைவிட நம்ப முடியாது. “நம்ம வாடை நம்ம மூக்குக்குத் தெரியாதுட்டி” என்று அம்மாதான் சொல்வாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள், முன்பல் இல்லாத வாயோடு. கருவாடு விற்கப் போகிற அம்மாவைக் கண்டக்டர்கள் கூடையோடு உள்ளே ஏற்ற மாட்டார்கள். கூடையை மேலே போடு, இல்லாவிட்டால் அடுத்த வண்டியில் வா. அம்மா கருவாட்டுக் கூடையைப் பஸ்ஸின் பின்னால் ஏணியில் கட்டிவிட்டு, கடைசிப் படியில் நின்றுகொண்டே வருவாள். கூடை விழுந்துவிடாமல் பார்க்க வேண்டுமாம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மெற்றில்டா டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்திருப்பாள், மடியில் புத்தகப் பை, தலையில் மல்லிகைப்பூ. ஒரு தடவை பக்கத்தில் இருந்த பெண் பின்னால் திரும்பிப் பார்த்து, என்ன நாத்தம் இந்தப் பொம்பள என்று மூக்கைப் பொத்தினாள். மெற்றில்டாவும் பொத்தினாள். பொத்திய கையின் சூடு இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. அம்மா பார்த்திருப்பாளோ? அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மா ஒன்றும் கேட்கவில்லை, நெத்திலி அவியல் வைத்தாள், நிறையப் போட்டாள். பார்த்திருந்தால் கேட்டிருப்பாள். கேட்கிறவள்தான். இல்லை, சில விஷயங்களைக் கேட்க மாட்டாள். போன வாரம் போனில் இந்த வயர் விஷயத்தை அம்மாவிடம் சொன்னாள். அம்மா, “எந்த மீனு வாடைன்னு அவளுவகிட்டக் கேட்டியாட்டி?” என்றாள். அதென்ன கேள்வி என்று மெற்றில்டா எரிச்சல்பட்டுப் போனை வைத்துவிட்டாள்.

இனி ஸ்பிரிட். பஞ்சில் நனைத்து வயரை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். பஞ்சு பழுப்பாயிற்று. புதுப் பஞ்சு. மறுபடி இழுப்பு. மூன்றாவது பஞ்சு கிட்டத்தட்ட வெள்ளையாகவே வந்தது. அவளுக்குச் சின்னதாக ஒரு சந்தோஷம். அறையில் இப்போது ஸ்பிரிட் வாடையைத் தவிர எதுவும் இல்லை, மத்தியானத்துச் சாப்பாட்டு வாடைகூட இல்லை. ஆகட்டும், ஆவுடை டீச்சர் வரட்டும், மூக்கு முட்ட மோந்து பார்க்கட்டும். நான் மேப் ரூமுக்குப் போகப் போவதில்லை. அப்படி நினைத்த மறு நொடியே, இதென்ன பெரிய வெற்றி, நாய்க்குட்டி மாதிரி என் சாமானை இன்னொருத்தி மோந்து பார்த்து நல்லது என்று சொல்ல வேண்டும், அதற்கு நான் பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு உட்கார்ந்திருக்கிறேன் என்று வெறுப்பாக இருந்தது. கதவு தள்ளப்பட்டது. ஆயா பேச்சியம்மா, கையில் குடத்தோடு. இன்டர்வெல்லுக்குப் பத்து நிமிஷம் முன்னால் கெட்டிலில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவிட்டுப் போவது அவள் வேலை.

“என்ன டீச்சர், பல்லு வெளக்குத பிரஸ்ஸ வச்சு வயர வெளக்குதிய?”

“அழுக்கா இருந்துச்சு பேச்சி.”

“இதுக்கும் பல்லு மொளச்சிருச்சோ?” பேச்சியம்மா தானே சிரித்துக்கொண்டாள். கெட்டிலை நிரப்பினாள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினாள், சுவிட்சைத் தட்டினாள். “ஒங்க நாக்காலிக்கு மேலயே இந்தப் போர்டு. நெருப்புக்குக் கீழ ஒக்காந்த மாதிரில்லா இருக்கும். நான்னா எந்திரிச்சு ஓடிருவேன்.” போய்விட்டாள்.

கெட்டில் முனக ஆரம்பித்தது. ஏழு பேரும் சேர்ந்து ஆசைப்பட்டு வாங்கிய கெட்டில். பள்ளிக்கூடத்துக்கு எதிரில் இருந்த டீக்கடையை மூடிவிட்டார்கள் என்று லீவுக்கு முன்னால் பேசி, லீவு முடிந்ததும் வந்தது. அதிகம் ஆசைப்பட்டவள் மெற்றில்டாதான். அவள் வயரை அழகாகச் சுருட்டி, கழுத்தில் மடங்காமல் வட்டமாக வைத்தாள். அப்போது வந்தது. முதலில் சந்தேகம் போல, அப்புறம் சந்தேகமே இல்லாமல். அதே வாடை. போகவில்லை. இவ்வளவு தேய்த்தும் போகவில்லை. நாலு நிமிஷத்தில் மணி அடிக்கும், ஆவுடை டீச்சர் கதவைத் திறக்கும்போதே மூக்கைச் சுருக்குவார், பிறகு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, நான் என் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு உலகப் படங்களோடு போய் உட்கார வேண்டியதுதான். வயரை எடுத்து மூக்கில் வைத்தாள். ஸ்பிரிட். மறு முனை. ஸ்பிரிட். ப்ளக்கின் கழுத்து, பிரஷ் போட்ட மடிப்பு, சோப்பு. உள்ளங்கையை மோந்தாள். முந்தானையை மோந்தாள். பின்னலை முன்னால் இழுத்து மோந்தாள். எங்கும் இல்லை, ஆனால் அறையில் இருக்கிறது. நம்ம வாடை நம்ம மூக்குக்குத் தெரியாது. அப்படியானால் என்னிடமிருந்துதான் வருகிறது, எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் பொறு. தெரியவில்லையா? தெரிகிறதே. இதோ தெரிகிறதே! நம்ம வாடை நமக்குத் தெரியாது என்றால், தெரிகிற இது எப்படி நம்முடையதாகும்? அவளுக்குச் சட்டென்று கண்ணில் நீர் கட்டியது, ஏன் என்று புரியவில்லை. எந்த மீன் வாடை? அம்மா கேட்டது இதைத்தான். பதினைந்து நாளாக அவள் ஒரு தடவைகூடச் சரியாக மோந்து பார்க்கவில்லை, வெட்கப்பட்டு மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தாள். இப்போது கண்ணை மூடி நன்றாக இழுத்தாள். சாளை இல்லை, சாளை என்றால் ஒரு எண்ணெய்ப் பிடிப்பு இருக்கும். நெத்திலிக் கருவாடு இல்லை, அதில் வெயில் இருக்கும். சுறா மூக்கைக் குத்தும், திருக்கை அதைவிடக் குத்தும், வாளைக்கு ஒரு தித்திப்பு உண்டு. அழுகின மீனா? அழுகின மீனை அவளுக்கா தெரியாது. எல்லாவற்றிலும் உப்பு இருக்கும். இதில் உப்பே இல்லை. கடலைக் கண்ணால் பார்க்காத மீன் இது. மீனே இல்லை.

எழுந்தாள். வாடையைப் பிடித்துக்கொண்டே போக நாலு எட்டுகூட வேண்டியிருக்கவில்லை. அவளுடைய நாற்காலிக்கு நேர் மேலே, பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே, எக்ஸ்டென்ஷன் வயர் போய்ச் செருகியிருக்கிற சுவர் ப்ளக் பாயிண்ட். பீரோவின் நிழலில் அதை யாரும் சரியாகப் பார்த்ததில்லை. நாற்காலியில் ஏறிப் பார்த்தாள். வெள்ளைப் பிளாஸ்டிக் ஓரங்களில் பழுப்பாகி, ஒரு துளையைச் சுற்றிக் கருத்து, உருகி வாய் கோணியிருந்தது. முகத்தில் அனல் அடித்தது. கெட்டில் இழுக்கிற கரண்டைத் தாங்காமல் சூட்டில் வெந்துகொண்டிருக்கிற பிளாஸ்டிக். பதினைந்து நாளாக இது தீப்பிடிக்கப் போகிறேன், தீப்பிடிக்கப் போகிறேன் என்று கத்தியிருக்கிறது, படித்த ஏழு பேர் கூடி நின்று மீன் மீன் என்றிருக்கிறோம். எண்ணத்தில் ‘இருக்கிறோம்’ என்று வந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆமாம், நானும்தான். அவர்கள் சொன்னார்கள், நான் நம்பினேன். மோந்து பார்க்காமலே நம்பினேன். அவர்களாவது மீனைத் தெரியாதவர்கள். கெட்டில் கொதிக்கத் தொடங்கியிருந்தது. சுவருக்குள் சின்னதாக ஒரு சடசடப்பு கேட்டது. சுவிட்சை அணைக்க வேண்டும். கை போகவில்லை. இப்படியே விட்டால் என்ன? பக்கத்தில் பீரோ, பீரோ நிறைய விடைத்தாள், அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டிய அந்தக் காகிதம், ஆறு நாற்காலி. எரியட்டுமே. அந்த வாடை எப்படி இருக்கிறதென்று அவர்களே மோந்து பார்க்கட்டுமே. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள், எதற்காக எண்ணுகிறோம் என்று தெரியாமலே. மாடியில் பத்தாம் வகுப்பு பி பிரிவு செய்யுள் ஒப்பித்துக்கொண்டிருந்தது, அறுபது பிள்ளைகளும் ஒரே இழுவையாக. ஏழில் நின்றாள். மேஜையிலிருந்த மர அடிஸ்கேலை எடுத்து, அதன் நுனியால் சுவிட்சைத் தட்டி அணைத்தாள். நல்லவள் என்பதற்காக இல்லை. எரிந்து போனால் அதுவும் என் வயரால்தான் என்பார்கள், சாம்பலை மோந்து பார்த்துவிட்டு மீன் என்பார்கள், அதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன்.

மணி அடித்தது. அவள் நாற்காலியை விட்டு இறங்கவில்லை. கதவு திறந்தது. முன்னால் ஆவுடை டீச்சர், கையில் சாக்பீஸ் டப்பா, அவருக்குப் பின்னால் இந்துமதி, அதற்குப் பின்னால் மற்றவர்கள். வாசலிலேயே ஆவுடை டீச்சரின் மூக்கு சுருங்கியது.

“வாடை அடிக்கத்தான் செய்யுது, டீச்சர்” என்றார், வருத்தமாக. வருத்தம் நிஜம்தான் போலும். “எதுக்கு நாக்காலி மேல நிக்கீங்க?”

“அடிக்குது டீச்சர். இங்க வாங்க, மோந்து பாருங்க.”

“எதை?”

“இந்தச் செவுத்தை. கையை வச்சிராதீங்க, சுடும்.”

அவள் இறங்கி நாற்காலியைக் காட்டினாள். ஆவுடை டீச்சர் தயங்கினார், சேலையைச் சொருகிக்கொண்டு ஏறினார், இந்துமதி முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்தொன்பது வயது மூக்கு பழுப்புப் பிளாஸ்டிக்கின் பக்கத்தில் போயிற்று. கெட்டில் மெல்ல ஓய்ந்துகொண்டிருந்தது.

“கருகுத வாடைல்லா இது” என்றார் ஆவுடை டீச்சர் கடைசியில். “உருகிப் போயிருக்கே. அம்மாடி, தீப்பிடிச்சிருக்குமே. ஆனா டீச்சர், அப்படியே மீன் வாடை மாதிரியேல்லா இருந்துச்சு.”

“உங்களுக்கு அப்படி இருந்துச்சு. எனக்கு இல்லை” என்றாள் மெற்றில்டா. “நான் பெரியதாழைக்காரி. எங்க அம்மா கருவாடு விக்கிறவ, இன்னைக்கும் விக்கிறா. மீனு இப்படி நாறாது டீச்சர். எந்த மீனும் நாறாது.”

ஆவுடை டீச்சர் நாற்காலியிலிருந்து இறங்கினார். முகம் சிவந்திருந்தது. இந்துமதி சுவரில் இருந்த காகிதத்தைக் கிழிக்கலாமா வேண்டாமா என்று பார்த்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனாள். மற்றவர்கள் அவரவர் போன்களை எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து அவசர அவசரமாகப் பிடுங்கினார்கள். ஆவுடை டீச்சருக்கு ஏதாவது செய்து இதைச் சரிக்கட்டிவிட வேண்டும் போலிருந்தது. மேஜையில் வட்டமாகச் சுருட்டிக் கிடந்த வெள்ளை வயரைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. கையை நீட்டினார். இந்தத் தடவை கர்சீப் இல்லாமல்தான் நீட்டினார்.

“பளிச்சுனு ஆக்கிட்டீங்களே. குடுங்க டீச்சர், ஒருக்கா மோந்து பாத்துருதேன். அதுலயும் ஒண்ணுமில்லைன்னு ஹெச்.எம்.கிட்ட நானே சொல்லிருதேன். எல்லாம் முடிஞ்சிரும்.”

மெற்றில்டா வயரை எடுத்தாள். ஒரு பீரியட் முழுக்க, அதற்கு முந்தைய ராத்திரி முழுக்க, இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவள் அதைத் துடைத்தாள், தேய்த்தாள், டப்பாவில் போட்டு மூடினாள். இவ்வளவு சுத்தமாக அந்த வயர் கடையிலிருந்து வந்த நாளில்கூட இருந்ததில்லை. அதைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“தர மாட்டேன் டீச்சர்” என்றாள். “இனிமே இதை யாரும் மோந்து பார்க்க வேண்டாம். ஹெச்.எம். அம்மாகிட்ட நீங்க சொன்னாலும் சரி, சொல்லாட்டாலும் சரி. நான் மேப் ரூமுக்குப் போகலை.”

ஆவுடை டீச்சர் ஏறி நின்ற நாற்காலியில் செருப்புத் தூசி இருந்தது. அதைக் கையாலேயே தட்டிவிட்டு, மேஜைக்கு முன்னால் இழுத்துப் போட்டு, எல்லோரும் பார்க்க உட்கார்ந்தாள்.